"எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க சார்": திட்ட மேலாண்மையைப் புதிதாகக் கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

துவாக்குடியில் ஓர் இரும்புப் பட்டறையின் திட்டமிடல் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, மன்னார்குடிப் பக்கம் ஊருக்கே திரும்பியவன் நான். இப்போது தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரிசி ஆலைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், சின்னக் கட்டட ஒப்பந்தக்காரர்கள் ஆகியோருக்கு வேலையை வரிசைப்படுத்தி நடத்தும் முறைகளை அமைத்துக் கொடுக்கிறேன். முறையைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் போதும். அதை ஆட்கள் கையில் எடுப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியைப் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை.

எங்களிடம் இருப்பதே இருபது பேர். திட்ட மேலாண்மை எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?

ஒரு குறுவைக் கணக்கைப் பாருங்கள். ஆடுதுறை 43 ரகத்துக்கு வயது 110 நாள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, ஜூன் 20இல் விதை விட்டால் அறுப்பு அக்டோபர் 8. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18 வாக்கில். அடைமழை பிடிப்பதற்கு முன் கையில் இருப்பது பத்தே நாள். அந்தப் பத்து நாளைக் காப்பாற்ற நாற்றங்கால் எப்போது, உழவு எப்போது, நடவுக்கு யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது என்று பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டே வருவார்கள் நம் ஆட்கள். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

1957இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறையின் அடிப்படையும் இந்த எண்ணிக்கைதான். அவர்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள், நாம் பஞ்சாங்க ஓரத்தில் போட்டோம்.

இருபது பேருக்கு வேண்டியது கொஞ்சம்தான். எது முடிந்தால் 'முடிந்தது' என்று சொல்வோம், அது யார் பொறுப்பு, எதற்கு முன்னால் எது, எங்கே சறுக்கலாம். இவ்வளவும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவே.

எங்கள் ஆட்கள் எந்த மாற்றத்தையும் ஏற்காத பழைய கட்டைகள். அவர்களை எப்படி மாற்றுவது?

பழைய கட்டைகள் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கருக்கரிவாளிலிருந்து, நெல் அறுக்கும் பெல்ட் மிஷினுக்கு மாறியது அவர்கள்தான். டீக்கடையில் சில்லறையை விட்டு கியூஆர் கோடுக்கு வந்ததும் அவர்கள்தான். இதற்கெல்லாம் யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஆதாயம் அவரவர் கைக்கு நேராக வந்தது, மாறினார்கள். உங்கள் புது முறையை ஏற்கவில்லை என்றால் அதன் ஆதாயம் எங்கே போகிறது, பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்காது.

ஒற்றை நாற்று நடவு நம் பக்கம் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். 1980களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லோலானி என்ற பாதிரியார் வகுத்த முறை அது. இங்கே திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் வந்தது. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். தண்ணீரும் மிச்சம். எங்கள் சித்தப்பா வயலில் இதைச் செய்ய முதல் நாள் கயிறு கட்டினோம். நடவுக்கு வந்த அக்காமார் வரப்பில் நின்றபடி கயிற்றைப் பார்த்தார்கள், சித்தப்பாவைப் பார்த்தார்கள். "கயிறைப் பாக்குறதா ஐயா, கூலியைப் பாக்குறதா?" என்றார் கூட்டத்துக்கு மூத்தவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி நடுகிறவர்கள். கை போகிற போக்கில் நட்டால் மதியத்துக்குள் கரையேறிவிடலாம். கயிறு பார்த்து, மண்ணோடு இருக்கும் குஞ்சு நாற்றை ஒவ்வொன்றாக வைத்தால் பொழுது சாய்ந்துவிடும், கூலி மட்டும் அதே கூலி. அப்புறம் களையெடுப்பு. வரிசை நடவில் கோனோ வீடர் என்ற தள்ளு களைக்கருவியை ஓட்டலாம், அதை ஆண்கள் தள்ளுவார்கள். பெண்களுக்குக் களையெடுப்பில் கிடைத்து வந்த நாள்கூலியும் போயிற்று. விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், கூடுதல் மூட்டை எல்லாம் நிலக்காரர் பக்கம். மேடையில் பேசியவர்கள் 'விழிப்புணர்வு போதவில்லை' என்றார்கள். அக்காமாருக்கு விழிப்புணர்வில் ஒரு குறையும் இல்லை, கணக்கு துல்லியமாகத் தெரிந்திருந்தது. சித்தப்பா அந்த முறை ஏக்கருக்கு நாலு ஆள் கூலி கூட்டிப் பேசினார். களையெடுப்பையும் அவர்களிடமே விட்டார். அதன் பிறகு கயிற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கதையில் இன்னொரு பாதி உண்டு. நட்டு முடித்த பத்து நாள் வயல் வயலாகவே இல்லை, சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி குத்தியது போல இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "நட்டாச்சா?" என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் தூர் கட்டும்வரை சித்தப்பாவுக்குத் தூக்கம் இல்லை. கூலி கூட்டிக் கொடுத்த அவரே எட்டாம் நாள் நடுவில் நாற்றுச் செருகிவிடலாமா என்று கேட்டார்.

அலுவலகத்திலும் இந்த இரண்டும்தான் நடக்கும். பாரம் ஏறியவர் தொடக்கத்திலேயே மறுப்பார். ஆதாயம் பெற வேண்டியவர், மூன்றாம் வாரம் பலன் கண்ணில் படாதபோது நடுங்குவார். முதலாமவருக்குக் கூலி, நேரம், மரியாதை ஏதாவது ஒன்றில் ஈடு செய்ய வேண்டும். இரண்டாமவரிடம் முன்கூட்டியே, 'இத்தனை நாள் வயல் காலியாகத்தான் தெரியும்' என்று சொல்லிவிட வேண்டும்.

யாரும் முகத்துக்கு நேராக மறுப்பதே இல்லை. எதிர்ப்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஊரில் மறுப்புக்கு உரிய சொல் 'ஆகட்டும்'. "ஆகட்டும் சார்", "பாத்துக்கலாம்", "முதலாளி சொன்னா சரிதான்" இந்த மூன்றையும் ஒரே கூட்டத்தில் கேட்டால் அன்றைக்கு ஒன்றும் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஏற்கத் தொடங்கியவர் குறை சொல்வார், சண்டை போடுவார், "அந்தக் கட்டத்துல தேதி எழுத இடமே பத்தல" என்பார். அந்த மாதிரி ஒரு புகார் வந்தால் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

நோட்டையும் பாருங்கள். தினமும் நிரப்ப வேண்டிய நோட்டு ஆறு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தால் அது சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் எழுதப்பட்டது. உண்மையான தினசரி நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், இரண்டு பேனா இருக்கும், ஒரு நாள் விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது, 'முடிஞ்ச மாதிரிதான்'. இந்தச் சொல்லை நான் தடையே செய்துவிட்டேன். கொள்முதல் நிலையத்தில் போய் 'நெல் காய்ஞ்ச மாதிரிதான்' என்று சொன்னால் எடுப்பார்களா? ஈரப்பத மீட்டர் 17 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அப்படி ஒரு மீட்டரை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 'மோட்டார் மாட்டியாச்சு' என்பது மீட்டர் ஆகாது. 'மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியது, சூடு ஏறவில்லை' என்பது மீட்டர்.

முதலில் யாரிடம் பேச வேண்டும்? முதலாளியிடமா, தொழிலாளர்களிடமா?

இரண்டு பேரிடமும் இல்லை. இப்போது எல்லாத் தகவலும் யார் வழியாகப் போகிறதோ அவரிடம். ஆலையில் அது கணக்குப்பிள்ளை, கட்டட வேலையில் மேஸ்திரி. உங்கள் பலகையும் படிவமும் அவர் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டப்போகின்றன. முப்பது வருடமாக 'அவரைக் கேட்டால்தான் தெரியும்' என்று இருந்தவருக்கு அது சாதாரண விஷயமா?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஓர் அரிசி ஆலையில் களத்தில் நெல் காயவைப்பதை விட்டு டிரையர் போடும் வேலை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போன முதல் வாரமே ஆபீஸ் சுவரில் ஆறடிக்கு வெள்ளைப் பலகை மாட்டினேன். அஸ்திவாரம், இரும்பு வேலை, மின் இணைப்பு, பாய்லர் குழாய், சோதனை ஓட்டம் என்று கட்டம் போட்டு வண்ண வண்ணமாகச் சீட்டு ஒட்டினேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம், போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். பலகைக்குக் கீழே மேசையில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர், காதில் பென்சில், முன்னால் சிவப்பு ரெக்சின் அட்டை போட்ட நோட்டு. நான் பலகை மாட்டும்போது அவர் நாற்காலியை இரண்டடி நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் டிரையர் லாரியில் வந்து இறங்கிவிட்டது. கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பமே போகவில்லை. பலகையில் 'மின் இணைப்பு' என்ற சீட்டு இருந்தது, பொறுப்பு என்ற இடத்தில் 'ஆபீஸ்' என்று எழுதியிருந்தேன். ஆபீஸ் என்று ஓர் ஆள் கிடையாது. கணக்குப்பிள்ளையிடம் போனேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் பென்சிலால்: 'பளு — பழைய ரசீது, இடப் பத்திர நகல் வேணும் — கேக்கல.' யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதைத்தான் எழுதி வைத்திருந்தார். "நீங்கதான் பலகையில போட்டிருக்கீங்களே தம்பி, பாத்துக்குவீங்கன்னு இருந்தேன்" என்றார். குரலில் கிண்டல்கூட இல்லை. இயந்திரம் தார்ப்பாய்க்குள் நாற்பது நாள் கிடந்தது. அந்தத் தை மாத நெல்லைக் களத்திலேயே காயவைத்தோம்.

அதன் பிறகு செய்தது சின்ன வேலை. பலகையை அழித்தேன். அவர் நோட்டில் என்ன பத்திகள் இருந்தனவோ அதே பத்திகளை, அதே வரிசையில், பலகையில் போட்டோம். மார்க்கர் அவர் கையில். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினார், நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் போடுவது போல. என் கட்டங்களைவிட அவருடைய பத்திகளில் ஒன்று கூடுதலாக இருந்தது: 'யார்கிட்ட நிக்குது.' இன்றுவரை எந்த ஆலைக்குப் போனாலும் அந்தப் பத்தியை நான் போடுகிறேன்.

முதலாளியே முறையை மீறினால்?

பெரும்பாலும் மீறுவார். பலகை மற்றவர்களுக்கு, தனக்கு போன் என்று நினைப்பார். காலையில் ஒப்புக்கொண்ட வரிசையைப் பதினொரு மணிக்குப் 'அதை விட்டுட்டு இதைப் பாரு' என்று கலைப்பார். இரண்டு முறை இப்படி நடந்தால் பலகை செத்துப்போகும். நான்காம் நாள் அதில் விலாசம் தெரியாத யாரோ போன் நம்பர் எழுதியிருப்பார்கள்.

இதற்கு நான் டெல்டா பாஷையிலேயே பேசுகிறேன். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது தலைமடைக்காரர் ராத்திரியில் போய் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை என்ன ஆகும்? முதலாளிகளில் பலருக்குக் கடைமடையில் நிலம் இருக்கும், அல்லது இருந்திருக்கும், சட்டென்று உறைக்கும். ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு மேல் ஓடக்கூடாது, புதிதாக ஒன்றை உள்ளே விட்டால் ஓடுகிற ஒன்றை அவரே தன் கையால் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. அவசர வேலை கொடுப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் எதை நிறுத்துகிறார் என்பதைப் பலகைக்கு முன்னால் வந்து சீட்டை நகர்த்திக் காட்ட வேண்டும். அவசரங்களில் பாதி, நாற்காலியை விட்டு எழுந்து வரும் தூரத்திலேயே ஆறிவிடும்.

ஒப்புக்கொள்ளாத முதலாளியிடம் நான் வேலையைத் தொடங்குவதில்லை. கடுமையாகத் தோன்றலாம். கீழே இருப்பவர்கள் கண் முழுக்க அவர் மேல்தான் இருக்கிறது, அவர் முறையைக் காப்பதைப் பார்த்துத்தான் அவர்களும் காப்பார்கள்.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கரும்பலகை, ஒரு வாட்ஸ்அப் குழு, தினமும் சாயங்காலம் பலகையின் போட்டோ. மூன்று மாதம் இது தடைபடாமல் நடந்தால் எக்செல்லுக்குப் போங்கள். எந்த வேலை எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று கோடு போட்டுக் காட்டும் கான்ட் வரைபடமே நூறு வருடத்துக்கு முன்பு காகிதத்தில் பிறந்ததுதான். பழக்கம் இல்லாத இடத்தில் மென்பொருள் வாங்கினால், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பது எல்லோருக்கும் வசதியான காரணமாகிவிடும்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் இரண்டு மடங்காகச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பாதுகாத்துக்கொள்கிறார்கள். போன தடவை உண்மையைச் சொன்ன ஆளை, இரண்டு நாள் தாமதமானதற்கு எல்லோர் முன்னாலும் திட்டியிருப்பீர்கள். யாரோ ஒருவர் திட்டியிருப்பார், எப்படியும். அதற்குப் பிறகு வெல்டர் நாலு நாள் வேலைக்கு எட்டு நாள் சொல்வார், மேஸ்திரி அதற்கு மேல் இரண்டு சேர்ப்பார், முதலாளி அதில் மூன்றைக் குறைப்பார். கடைசியில் எந்த எண்ணிலும் உண்மை இருக்காது. கூட்டிச் சொன்ன நாளும் மிச்சமாகாது, இருக்கிற நேரத்துக்கு ஏற்ப வேலை நீளும். பார்க்கின்சன் என்பவர் 1955இலேயே இதை விளையாட்டாக ஒரு விதி என்று எழுதினார், விளையாட்டாகவே உண்மையாகிவிட்டது.

நான் செய்வது: வேலைக்கு வேலை ஒளித்துவைத்த உபரி நாட்களை எல்லாம் வெளியே எடுத்து, கடைசியில் ஒரே இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போடுகிறேன். மேலே சொன்ன குறுவைக் கணக்கில் அறுப்புக்கும் ஐப்பசிக்கும் நடுவில் பத்து நாள் இருந்ததல்லவா, அதைப் போல. பலகையின் வலது ஓரத்தில் பத்து கோடு. ஒரு வேலை ஒரு நாள் பிந்தினால் ஒரு கோட்டை அழிப்போம். யாரையும் திட்டுவதில்லை. ஆறு கோடு அழிந்தபோது கூட்டம் போடுவோம். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கோடு அழிந்த நாளில் உங்கள் முகம் மாறக் கூடாது. மாறினால் அடுத்த வாரமே எட்டு நாள் திரும்பி வந்துவிடும்.

கெட்ட செய்தி மேலே வருவதே இல்லை. கடைசி நாளில்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

முதலாளியிடம் 'இது நடக்காது' என்று சொல்வது நம் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆனால் நடந்து முடிந்த கெடுதலைப் பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் இல்லை, டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுவோம். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிப் பரவலான 'ப்ரீமார்ட்டம்' உத்தி இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே அது கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் கெட்டது என்று கதை சொல்லச் சொல்வது.

ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கிடங்கு கட்டப் போகிறோம். ஆடி மாதம், வடை டீயோடு உட்கார்ந்தோம். "தீபாவளி வந்துருச்சு. கிடங்கு பாதியில நிக்குது. ஏன் நின்னுச்சு, ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்க" என்றேன். இயக்குநர்கள் பணம், சிமெண்டு விலை, மழை என்று சொன்னார்கள். சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த லோடுமேன் ஒருவர், "ஜல்லி லாரி வாய்க்கா மதகுல எறங்கிருக்கும் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. கிடங்கு மனைக்குப் போகிற ஒரே வழியில் இருந்த அந்தப் பழைய மதகு பாரவண்டியைத் தாங்காது என்பது அங்கே இருந்த பாதிப் பேருக்கு முன்பே தெரியும். அதை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. கல்லை வேறு பக்கம் இறக்கி டிராக்டரில் அடிக்க முடிவாயிற்று, செலவைக் கணக்கில் சேர்த்தோம்.

தண்ணீர்தான் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகும். தகவல் கடைமடையில் ஊறுவது, அதை மேலே ஏற்ற இறைக்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் அனுபவப் பேச்சு. ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. ரொம்பப் பேர் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி 1948இல் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மேரியன் என்ற ஊரில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் ஆலை. வேலை முறையை அடிக்கடி மாற்றியதால் தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்றில் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, புது முறையையே அவர்களோடு சேர்ந்து வகுத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள், உற்பத்தியும் எழவில்லை. எல்லோரும் சேர்ந்து வகுத்த குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின.

ஆனால் இதை மந்திரம் போலப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 1960இல் நார்வேயில் ஒரு காலணி ஆலையில் இதே போலச் செய்து பார்த்தபோது உற்பத்தியில் வித்தியாசம் தென்படவில்லை. கேட்பது போல நடித்தால் பலன் இல்லை, கேட்கும் விஷயம் அவர்களுக்கு முக்கியமானதாக இல்லாவிட்டாலும் பலன் இல்லை என்பது என் அனுமானம். பலகையின் வண்ணம் பச்சையா நீலமா என்று கேட்டுவிட்டு, கூலி முறையை நீங்களே முடிவு செய்தால் அது கலந்தாலோசனை ஆகாது.

ஏற்கெனவே வங்கிக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். இதில் இன்னொன்றா?

இந்த எதிர்ப்பு நூற்றுக்கு நூறு நியாயம். புதிதாக ஒரு நோட்டு கொண்டுவருவதற்கு முன் பழையது ஒன்றை நிறுத்துங்கள். ஓர் இடத்தில் வரவு நெல் எடை நாலு நோட்டில் எழுதப்படுவதைக் கண்டோம், அதில் ஒன்று 2011இல் போய்விட்ட ஒரு மேலாளருக்காகத் தொடங்கியது. அதை மூடிய அன்றே எழுத்தர் அம்மா எனக்கு இஞ்சி டீ வாங்கிக்கொடுத்தார்.

எப்போது தொடங்கலாம், எத்தனை நாளில் பலன் தெரியும்?

தை, மாசியில் தொடங்காதீர்கள். சம்பா நெல் வந்து குவிகிற நேரத்தில் யார் என்ன சொன்னாலும் எரிச்சல்தான். ஆலைகளுக்குச் சித்திரை கடைசி, வைகாசி நல்ல நேரம். விவசாயிகள் அமைப்பு என்றால் குறுவை விதைப்பு முடிந்த பிறகு.

எல்லாத் துறையிலும் ஒரே நாளில் திறந்துவிடவும் வேண்டாம். 2023இல் ஜூன் 12இல் மேட்டூர் திறந்தார்கள், கல்லணை திறந்தது ஜூன் 16. அதற்குப் பிறகு கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் தாண்டிக் கடைமடை நனைய மேலும் நாள் பிடிக்கும். அதுவும் முன்பே தூர் வாரியிருந்தால். ஒரே ஒரு வேலையை எடுங்கள், ஒரு பருவம் நடத்துங்கள். பக்கத்துப் பிரிவுக்காரர் தானே வந்து எட்டிப் பார்ப்பார். குறுவையில் பழகி, சம்பாவில் படியும் என்று நான் சொல்வேன், கிட்டத்தட்ட எட்டு மாதம். மூன்று வாரத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்று வருகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். இதை என் தொழிலுக்கே விரோதமாகச் சொல்கிறேன்.

ஒருவர் மட்டும் கடைசிவரை மறுக்கிறார். வேலையை விட்டு அனுப்பிவிடலாமா?

முதலில் அவர் எதை மறுக்கிறார் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள், ஆபீஸில் வேண்டாம். கட்டட வேலையில் ஒரு கம்பி கட்டும் மேஸ்திரி பலகையில் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றார். திமிர் என்றார்கள். பைக்கில் வீடுவரை கூடப் போனபோதுதான் தெரிந்தது, அவருக்குக் கையெழுத்துத் தவிர எதுவும் எழுத வராது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அதன் கீழே கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை. அவருடைய அப்பா அப்படிப் போட்டு ஒரு மா நிலத்தை இழந்தவர். அதற்கப்புறம் வேலைகளைப் படமாக வரைந்தோம். கம்பிக்கு ஒரு படம், சென்ட்ரிங்குக்கு ஒரு படம், முடிந்ததும் நீல மையில் கட்டைவிரல். கட்டைவிரலுக்கு அவர் சம்மதித்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

காரணமே இல்லாமல் மற்றவர் வேலையையும் கெடுப்பவர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அத்தனை இடங்களில் அப்படி இரண்டு பேரைத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் முதலாளிக்குச் சொந்தக்காரர்கள்.

வாராந்தரக் கூட்டத்தை எப்போது வைப்பது?

சனிக்கிழமை சாயங்காலம் வைக்கவே வைக்காதீர்கள். கூலிப் பட்டுவாடாவுக்கு முன்னால் கூட்டம் போட்டால் எல்லோரும் வருவார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், கண் கேஷ் டிராயரில் இருக்கும். நாங்கள் புதன்கிழமை பத்தரை மணி டீயோடு, பலகைக்கு முன்னால், நின்றபடியே இருபது நிமிடம் வைக்கிறோம். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் நாற்காலி உண்டு, அதை இப்போது பலகைக்கு நேர் எதிரில் போட்டிருக்கிறோம்.